பிரீமியர் ஒருமுறைதான்: தமிழ்ப் படத்தை உலகத் திரைப்பட விழாக்களுக்குக் கொண்டுசேர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் விழாவில் முதன்மை விருதான டைகர் விருதை வாங்கியது. அதிலிருந்து, சுயாதீனமாகப் படம் எடுக்கும் யாரிடம் பேசினாலும் பேச்சு ஒரு கட்டத்தில் "நம்ம படத்தை எப்படி சார் அனுப்புறது?" என்று வந்து நிற்கிறது. அனுப்புவது பெரிய வேலையே இல்லை. இணையத்தில் ஒரு கணக்குத் தொடங்கி, படத்தின் இணைப்பைக் கொடுத்து, கார்டில் பணம் கட்டினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முதலில் எங்கே அனுப்புவது, எங்கே அனுப்பாமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்பதுதான் தலைவலி. ஒரு படத்துக்கு உலகப் பிரீமியர் ஒருமுறைதான் நடக்கும். அதை எந்த ஊரில் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த ஒன்றரை வருடத்தில் வரும் அழைப்புகளும் விற்பனையும் அமையும்.

கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். முழுநீளக் கதைப்படத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். குறும்படக்காரர்களுக்கு கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு தயக்கத்தைத் தள்ளிவைத்துவிடலாம். "இந்தி இல்லை, நம்ம படம் பிராந்திய மொழிப் படம்தானே" என்ற தயக்கம். ரோட்டர்டாமில் உட்கார்ந்து படம் பார்க்கும் தேர்வாளருக்கு இந்தியும் அசாமியும் ஒன்றுதான், இரண்டையும் அவர் திரையின் கீழே ஓடும் வசன வரியில்தான் (சப்டைட்டில்) படிக்கப்போகிறார். சொல்லப்போனால் நம் நாட்டின் பெரிய விழா வெற்றிகளில் பலவும் இந்திக்கு வெளியே வந்தவை. வங்காளத்தின் 'பதேர் பாஞ்சாலி' 1956-ல் பிரான்சின் கான் விழாவில் சிறந்த மனித ஆவணம் என்ற விருதைப் பெற்றது. முரளி நாயரின் மலையாளப் படம் 'மரண சிம்ஹாசனம்' 1999-ல் அதே கானில், முதல் படம் எடுத்தவர்களுக்கான கேமரா தோர் விருதை வாங்கியது. ராம் ரெட்டியின் கன்னடப் படம் 'திதி' 2015-ல் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ விழாவில் இரண்டு விருதுகள் பெற்றது. 2025-ல் அமெரிக்காவின் சண்டான்ஸ் விழாவில் உலக சினிமா கதைப்படப் பிரிவின் பெரிய ஜூரி பரிசை வென்றது ரோகன் கனவடேயின் மராத்தி படம் 'சபர் போண்டா'. ரீமா தாஸ் அசாமில் தன் சொந்த ஊரில், தானே ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் செய்து எடுத்த 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' 2017-ல் கனடாவின் டொராண்டோ விழாவுக்குப் போனது. இவற்றில் எதுவும் வெளிநாட்டுக்காரருக்குப் புரிய வேண்டும் என்று வட்டார வழக்கைக் குறைத்துக்கொண்ட படம் இல்லை.

படி 1: படப்பிடிப்புக்கு முன்பே தொடங்குங்கள்

படம் முடிந்த பிறகுதான் விழாவைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். விழாக்களோ ஸ்கிரிப்ட் கட்டத்திலேயே படங்களைத் தேடத் தொடங்கிவிடுகின்றன.

ரோட்டர்டாம் விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி, திரைக்கதை வளர்ச்சிக்கும் படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலைகளுக்கும் உதவுகிறது. கோவையைக் களமாகக் கொண்ட அருண் கார்த்திக்கின் 'நசீர்' அந்த நிதியைப் பெற்று, 2020-ல் அதே விழாவின் டைகர் போட்டியில் திரையிடப்பட்டு, ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருதும் வாங்கியது. நிதி கொடுத்தால் விழாவில் இடம் உறுதி என்று அர்த்தம் இல்லை. ஆனால் உங்கள் பெயர் அவர்களுக்கு முன்பே தெரியும், படம் வளர்வதை அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குவிந்து கிடக்கும் இணைப்புகளில் ஒன்றாகப் போய்ச் சேர்வதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம்.

பெர்லின் விழாவின் உலக சினிமா நிதிக்கு ஜெர்மனியில் ஒரு கூட்டாளி வேண்டும். பிரான்ஸ் அரசின் உலக சினிமா உதவிக்கு பிரெஞ்சுத் தயாரிப்பாளர் வேண்டும். பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்' இப்படி பல நாட்டுக் கூட்டுத் தயாரிப்பாக வளர்ந்த படம்தான். மலையாளமும் இந்தியும் மராத்தியும் பேசும் அந்தப் படம் 2024-ல் கான் போட்டிப் பிரிவில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் ப்ரீ வாங்கியது. அதற்கு முன் அந்தப் பிரிவுக்குப் போன இந்தியப் படம் 1994-ல் வந்த ஷாஜி என். கருணின் 'ஸ்வாஹம்', அதுவும் மலையாளம்.

வெளிநாட்டுக் கூட்டாளியை எங்கே போய்த் தேடுவது? நம் ஆட்களுக்கு எட்டும் தூரத்தில் கோவா இருக்கிறது. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007 முதல் நடத்திவரும் ஃபிலிம் பஜார், இப்போது வேவ்ஸ் ஃபிலிம் பஜார் என்ற பெயரில், நவம்பரில் கோவா விழாவை ஒட்டி நடக்கிறது. திரைக்கதைப் பட்டறை, கூட்டுத் தயாரிப்புச் சந்தை, முடியாத படங்களுக்கான லேப், முடிந்த படங்களை வெளிநாட்டுத் தேர்வாளர்கள் உட்கார்ந்து பார்க்கும் அறை என்று நான்கு வாசல்கள். ரஃப் கட் (படத்தொகுப்பின் முதல் வடிவம்) கையில் இருந்தால் நான் முதலில் போகச் சொல்வது அந்த லேப்புக்குத்தான். வெளிநாட்டு எடிட்டரும் விழா இயக்குநரும் உங்கள் படத்தைப் பார்த்து எந்த இடத்தில் தொங்குகிறது என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். வலிக்கும். ஆனால் அதைத் தொகுப்பு முடித்துப் பூட்டிய கட்டில் கேட்பதைவிட ரஃப் கட்டில் கேட்பது நல்லது.

படி 2: பிரீமியர் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

விழாக்காரர்கள் பேசும் பிரீமியரில் சில படிநிலைகள் உண்டு. உலகில் எங்குமே திரையிடாத படத்தின் முதல் காட்சி உலகப் பிரீமியர். சொந்த நாட்டுக்கு வெளியே முதல் காட்சி சர்வதேசப் பிரீமியர். அதற்குக் கீழே ஐரோப்பியப் பிரீமியர், ஆசியப் பிரீமியர், வட அமெரிக்கப் பிரீமியர், அந்தந்த நாட்டுப் பிரீமியர். மேலிருந்து கீழே இறங்கலாம், கீழே காட்டிவிட்டு மேலே ஏற முடியாது.

வெனிஸின் அதிகாரபூர்வப் பிரிவுகளுக்கு உலகப் பிரீமியர் வேண்டும். லொகார்னோ போட்டிகளும் ரோட்டர்டாமின் டைகர் போட்டியும் பெரும்பாலும் அதையே எதிர்பார்க்கின்றன. பெர்லினில் பல பிரிவுகள் சர்வதேசப் பிரீமியரை ஏற்கும். கான் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: சொந்த நாட்டில் தியேட்டரில் ஓடியிருந்தால்கூடப் பரவாயில்லை, வேறொரு சர்வதேசத் திரைப்பட நிகழ்வில் காட்டியிருக்கக் கூடாது, இணையத்திலும் வந்திருக்கக் கூடாது. ஆகவே நவம்பரில் கோவாவிலோ டிசம்பரில் திருவனந்தபுரத்திலோ காட்டிவிட்டு மே மாதம் கானுக்குப் போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். நம் ஊரில் நடந்தாலும் அவை சர்வதேச விழாக்கள்.

நண்பர்களுக்கும் படக்குழுவுக்கும் பிரிவ்யூ தியேட்டரில் போட்டுக்காட்டுவது பிரீமியர் ஆகாது. டிக்கெட் விற்கும் காட்சியும், ஊடகங்களில் விமர்சனம் வரும் காட்சியும் ஆகும். பிரிவ்யூ பார்த்த யாராவது முகநூலில் முழு விமர்சனம் எழுதிவிடும் ஆபத்து நம்மிடம் அதிகம். முன்கூட்டியே வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காலண்டர் இப்படிப் போகும். ஜனவரியில் சண்டான்ஸ், ஜனவரி கடைசியிலிருந்து ரோட்டர்டாம், பிப்ரவரியில் பெர்லின், மே மாதம் கான், ஜூலையில் கார்லோவி வாரி, ஆகஸ்டில் லொகார்னோ, ஆகஸ்ட் கடைசி முதல் வெனிஸ், செப்டம்பரில் டொராண்டோவும் சான் செபாஸ்தியனும், அதையொட்டி பூசான், அக்டோபரில் லண்டன், பிறகு டோக்கியோ, நவம்பரில் எஸ்தோனியாவின் தாலின். விண்ணப்பக் கதவு பொதுவாக விழாவுக்கு இரண்டு முதல் ஐந்து மாதம் முன்பே மூடிவிடும். தேதி ஆண்டுதோறும் மாறும், அந்தந்த விழாவின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் ஆலோசனை இது: உங்கள் படம் தயாராகும் மாதத்திலிருந்து முன்னோக்கிப் பார்த்து, மூன்று விழாக்களை மட்டும் பிரீமியருக்குக் குறிவையுங்கள். நாற்பது விழாக்களுக்கு ஒரே நாளில் அனுப்பினால், சின்ன விழா ஒன்று முதலில் சரி சொல்லிவிடும். அதற்கு ஒத்துக்கொண்டால் பெரியதற்கான வாசல் மூடியது, மறுத்தால் கட்டிய பணம் போனது.

எந்த மூன்று? படத்தின் குணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முதல் அல்லது இரண்டாவது படம், வடிவத்தில் துணிச்சல் உண்டு என்றால் ரோட்டர்டாம். நம்மவர்களை அந்த ஊர் தொடர்ந்து கவனித்துவருகிறது: ராமின் 'ஏழு கடல் ஏழு மலை' 2024-ல் அங்கே போட்டியிட்டது, வர்ஷா பரத்தின் 'பேட் கேர்ள்' 2025-ல் டைகர் போட்டிக்குப் போய் நெட்பேக் விருது வாங்கியது. நிதானமான, பரிசோதனைத் தன்மையுள்ள படங்களுக்கு பெர்லினின் ஃபோரம் பிரிவு. வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' 2024-ல் அங்கேதான் தொடங்கியது. சமூகச் சூட்டோடு கதை நகர்கிற படம் என்றால் வெனிஸின் ஒரிசோந்தி பிரிவை யோசிக்கலாம். வெற்றிமாறனின் 'விசாரணை' 2015-ல் அங்கே போய் அம்னெஸ்டி இத்தாலி விருது பெற்றது. சைதன்ய தம்ஹானேயின் 'கோர்ட்' அதற்கு முந்தைய ஆண்டு அந்தப் பிரிவின் சிறந்த படமானது. பொதுப் பார்வையாளர் ரசிக்கும் படத்துக்கு டொராண்டோ. மணிகண்டனின் 'காக்கா முட்டை' 2014-ல் அங்கே கைதட்டல் வாங்கி, 2015 ஜூனில் இங்கே தியேட்டரிலும் ஓடியது. குழந்தைகளை வைத்து எடுத்த படத்துக்கு பெர்லினின் ஜெனரேஷன் பிரிவை நம் ஆட்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். ஜெயராஜின் 'ஒட்டால்' 2016-ல் கிரிஸ்டல் பேர் விருது வாங்கியது அந்தப் பிரிவில்தான்.

கானுக்கு அனுப்பும்போது இன்னொன்றும் கவனியுங்கள். அதிகாரபூர்வத் தேர்வுக்கு ஒரு விண்ணப்பம், இயக்குநர்களின் பதினைந்து நாள் பிரிவுக்குத் தனி விண்ணப்பம், முதல் இரண்டு படம் எடுப்பவர்களுக்கான விமர்சகர் வாரத்துக்குத் தனி விண்ணப்பம். ஒன்றில் போட்டால் மற்றவர்கள் பார்க்க மாட்டார்கள்.

படி 3: விழாவுக்கான பிரதியைத் தயார் செய்யுங்கள்

நம் படங்கள் தொடங்கும் விதம் தெரிந்ததே. நான்கு நிறுவனங்களின் லோகோ, புகைபிடித்தல் எச்சரிக்கை, பொறுப்புத் துறப்பு, ஐந்து நிமிட நன்றி அட்டைகள். ஒரு நாளில் பல படம் பார்க்கும் தேர்வாளருக்கு இது எல்லாம் முடிந்த பிறகுதான் முதல் ஷாட் வரும். இந்தியாவுக்கான சட்டபூர்வ எச்சரிக்கைகள் வெளிநாட்டு விழாப் பிரதியில் தேவையில்லை, எடுத்துவிடுங்கள். நன்றிகளைக் கடைசிக்கு நகர்த்துங்கள். 'இடைவேளை' என்று வரும் அட்டையையும் வெட்டுங்கள். அந்த அட்டைக்காகவே எழுதப்பட்ட திருப்பம் ஒன்று நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும். அதை எடிட்டரோடு உட்கார்ந்து மறுபடி பாருங்கள்.

நீளத்துக்கு விதி இல்லை. ஆனால் 'கூழாங்கல்' 75 நிமிடம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தியேட்டருக்கு இரண்டேகால் மணி நேரம் வேண்டும் என்று வினியோகஸ்தர் சொன்னால் அதற்கு வேறு கட் வைத்துக்கொள்ளலாம்.

டிஐயும் (நிறச் சீரமைப்பு) இறுதி ஒலி மிக்சிங்கும் முடியாவிட்டாலும் பல விழாக்கள் ஏற்கும். எது முடியவில்லை என்று தொடக்கத்தில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். படத்தொகுப்பு மட்டும் பூட்டியிருக்க வேண்டும். "இன்னும் பத்து நிமிடம் குறையும்" என்று சொல்லி அனுப்பினால் அந்தப் பத்து நிமிடத்தை மனதுக்குள் குறைத்துப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை.

அப்புறம் உரிமைகள். டீக்கடைக் காட்சியில் ரேடியோவில் இளையராஜா பாட்டு ஓடுகிறது, பேருந்தில் எம்.ஜி.ஆர். படம் ஓடுகிறது. காட்சிக்கு உயிர் தருவதே அதுதான், தெரியும். ஆனால் அந்தப் பாட்டின் இசையமைப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமை இருப்பவர்களிடம் எழுத்தில் அனுமதி இல்லாவிட்டால், விழாவில் எப்படியோ ஓடிவிட்டாலும், படத்தை வெளிநாடுகளில் விற்றுத்தரும் விற்பனை முகவர் கையெழுத்துப் போட மாட்டார். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள் அல்லது படம் பூட்டுவதற்கு முன் மாற்றிவிடுங்கள். கதை உரிமை, நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் எல்லோருடைய ஒப்பந்தமும் ஒரு கோப்பில் இருக்கட்டும். ஆடு, மாடு, கோழி நடித்திருந்தால் விலங்குகள் நல வாரியத்தின் சான்றிதழ் வெளிநாட்டில் தேவைப்படாது. திரும்பி வந்து தணிக்கைக்குப் போகும்போது கேட்பார்கள், இப்போதே பாருங்கள்.

படி 4: வசன வரிகளுக்குப் பணம் ஒதுக்குங்கள்

இந்த வேலையில் நாம் காட்டும் அலட்சியத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஒளிப்பதிவுக்கு வாடகை லென்ஸ் எடுக்கப் பணம் இருக்கும். கடைசி வாரத்தில் வசன வரியை உதவி இயக்குநரிடம் "நீதான் இங்கிலீஷ் மீடியம்" என்று தள்ளிவிடுவார்கள். தமிழ் தெரியாதவருக்கு உங்கள் வசனம் முழுக்க அந்த இரண்டு வரிதான். அது தட்டையாக இருந்தால் நடிகர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் வீண்.

தொழில்முறையில் புழங்கும் அளவுகள் சுலபமானவை. ஒரு நேரத்தில் அதிகபட்சம் இரண்டு வரி. ஒரு வரிக்கு சுமார் 40 எழுத்து. நொடிக்கு 15 முதல் 17 எழுத்து படிக்கும் வேகம். திரையில் குறைந்தது ஒரு நொடி, அதிகபட்சம் ஆறேழு நொடி. ஷாட் மாறும்போது வரியும் மாறினால் கண் தடுமாறாது. இந்த அளவுக்குள் மதுரைப் பக்கத்துச் சண்டை ஒன்றை அடக்க முடியாது என்பீர்கள். உண்மைதான், முடியாது. அதனால்தான் எதை விடுவது என்று தீர்மானிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்: இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது கதையை நகர்த்துவது யாருடைய வாக்கியம் என்று தெரிந்தவர்.

இரண்டு பேர் சேர்ந்து செய்வது நல்லது. ஒருவருக்கு அந்த வட்டார வழக்கு தெரிந்திருக்க வேண்டும், இன்னொருவருக்கு ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். சாதியைச் சுட்டும் விளிப்பு, உறவுமுறை, மரியாதை ஏறி இறங்குவது ஆகிய மூன்றும் படம் முழுக்க ஒரே முறையில் வர வேண்டும். ஒரு காட்சியில் அண்ணன் என்றும் அடுத்த காட்சியில் அதே ஆளைப் பெயர் சொல்லியும் எழுதினால், உறவே மாறிவிட்டதாக வெளியூர் பார்வையாளர் நினைப்பார். பழமொழிக்கு ஈடான ஆங்கிலப் பழமொழி தேடாதீர்கள், அந்த இடத்தில் அவர் சொல்ல வந்ததைச் சொன்னால் போதும். கதைக்குத் தேவையான பாட்டு வரிகளுக்கும் சுவரில் தெரியும் எழுத்துக்கும் வரி போடுங்கள். ஒப்பாரியை அப்படியே விட்டுவிட்டு வசனத்துக்கு மட்டும் போட்ட படங்கள் உண்டு. துக்க வீட்டுக் காட்சியின் அரசியல் முழுக்க அந்த ஒப்பாரியில்தான் இருந்திருக்கும்.

முடிந்ததும் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாத மூன்று பேருக்குப் படத்தைக் காட்டுங்கள். எங்கே புரியவில்லை என்று கேட்காதீர்கள், கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் தப்பாகச் சொல்லும் இடத்தில் வரி தப்பு.

வரிகளைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். விழா தன் நாட்டு மொழிக்கு மாற்ற அதைத்தான் கேட்கும். வரிகளே இல்லாத சுத்தமான பிரதி ஒன்றும் தனியாக இருக்க வேண்டும்.

படி 5: இணைப்பும் கோப்புகளும்

தேர்வுக்கான பிரதியை விமியோ மாதிரி தளத்தில் கடவுச்சொல்லோடு ஏற்றுங்கள். ஒரு வருடத்துக்கு இணைப்பையும் கடவுச்சொல்லையும் மாற்றாதீர்கள். முகத்துக்கு மேல் பெரிய எழுத்தில் வாட்டர்மார்க் வேண்டாம், மூலையில் சின்னதாக இருக்கட்டும். யார் எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று அந்தத் தளம் காட்டும். அதைத் தினமும் திறந்து பார்த்து மனசு உடைந்துபோனவர்கள் இருக்கிறார்கள், எச்சரிக்கையாகச் சொல்கிறேன்.

கூடவே தயாராக இருக்க வேண்டியவை: ஒரு வரிச் சுருக்கம், 50 சொல் சுருக்கம், முடிவையும் சொல்லும் ஒரு பக்கச் சுருக்கம், இயக்குநர் குறிப்பு, இயக்குநரின் புகைப்படமும் வாழ்க்கைக் குறிப்பும், முழு கலைஞர் பட்டியல், அச்சுத் தரத்தில் ஏழெட்டு ஸ்டில்கள், போஸ்டர். ஸ்டில் எடுக்கப் படப்பிடிப்பிலேயே ஆள் வையுங்கள். வீடியோவிலிருந்து பிடித்த மங்கலான படம்தான் விழாப் புத்தகத்தில் உங்கள் முகமாகிவிடும்.

இயக்குநர் குறிப்பில் உலகளாவிய மனித உணர்வுகள் பற்றி எழுதாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். இந்தக் கதை எங்கிருந்து வந்தது, ஏன் இந்த ஊர், ஏன் இந்த வடிவம் என்று 200 சொல்லில் எழுதினால் போதும்.

படி 6: விண்ணப்பமும் கடிதமும்

ஃபிலிம்ஃப்ரீவே, ஃபெஸ்ட்ஹோம் போன்ற தளங்கள் வழியாகப் பல விழாக்கள் வாங்குகின்றன. கான், பெர்லின், வெனிஸ் மாதிரியானவை தங்கள் சொந்தத் தளத்தில் வாங்குகின்றன. கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனையைத் திறந்துவைக்க வேண்டும். கட்டணம் முழுநீளப் படத்துக்குச் சில விழாக்களில் 10,000 ரூபாயைத் தாண்டும். கடைசித் தேதி நெருங்க நெருங்க ஏறும்.

கட்டண விலக்கு கேட்பதில் வெட்கம் தேவையில்லை. படம் எது, முதல் படமா, எந்த மொழி, எவ்வளவு சிறிய தயாரிப்பு, ஏன் இந்த விழா என்று ஐந்தாறு வரி எழுதுங்கள். அந்த விழாவில் முன்பு பார்த்த படம் ஒன்றைப் பற்றி உண்மையாகச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. நிறைய விழாக்கள் மறுக்கும், சில கொடுக்கும்.

தெற்காசியப் படங்களைப் பார்த்துத் தெரிவு செய்யும் ஆலோசகர்கள் பெரிய விழாக்களில் உண்டு. பெயர்கள் விழாத் தளத்திலேயே இருக்கும். விண்ணப்பித்த பிறகு அவர்களுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதலாம். இரண்டாவது கடிதம் வேண்டாம்.

படி 7: இலை வளையங்களை விற்கும் விழாக்கள்

போஸ்டரின் நெற்றியில், விழாக்களில் தேர்வான படம் என்று காட்டும் இருபது இலை வளையங்கள். கீழே உற்றுப் பார்த்தால் எல்லாமே எங்கோ கேள்விப்பட்ட மாதிரி பெயர்கள்: பெரிய நகரத்தின் பெயர், அதோடு 'இண்டி', 'கோல்டன்', 'இன்டர்நேஷனல்' என்று ஏதோ ஒன்று. நம் குறும்பட உலகில் இது ஒரு தொற்று. இந்த விழாக்கள் மாதாமாதம் நடக்கும், அறுபது பிரிவுகளில் விருது தரும், கேடயம் வேண்டுமென்றால் தனிப் பணம் கேட்கும். தியேட்டர் இருக்காது, பார்வையாளர்களும் இருக்க மாட்டார்கள்.

கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. போன வருடம் எந்த அரங்கில், எந்தத் தேதியில், எந்தப் படங்கள் ஓடின என்ற அட்டவணை தளத்தில் இருக்கிறதா? தேர்வாளர்களின் பெயரும் பின்னணியும் இருக்கிறதா? அந்த ஊர்ப் பத்திரிகை எதுவாவது அதைப் பற்றி எழுதியிருக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் கார்டை உள்ளே வையுங்கள். பணம் போவதைவிடப் பெரிய நஷ்டம் இன்னொன்று இருக்கிறது. நல்ல விழாவின் தேர்வாளர் அந்த இருபது வளையங்களைப் பார்த்ததும், பிரீமியர் ஏற்கெனவே போய்விட்டது என்றும் இந்தத் தயாரிப்பாளருக்கு விழாக்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றும் ஒரே நொடியில் முடிவு கட்டிவிடுவார்.

படி 8: காத்திருப்பதும் பேரம் பேசுவதும்

பெரும்பாலும் வருவது நிராகரிப்புதான், காரணம் சொல்ல மாட்டார்கள். அந்த ஆண்டு அந்தப் பிரிவில் இதே சாயலில் வேறு படம் இருந்திருக்கலாம். குறிவைத்த மூன்றும் மறுத்துவிட்டால் அடுத்த மூன்றுக்குப் போங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பிரீமியரைப் பிடித்துவைத்துக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. முடிந்த தேதியை விழாக்கள் பார்க்கும், படம் பழசாகிவிடும்.

இரண்டாம் கட்ட விழா ஒன்று அழைத்து, நீங்கள் காத்திருக்கும் பெரிய விழா இன்னும் பதில் சொல்லவில்லை என்றால்? அழைத்தவரிடம் எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று கேளுங்கள். பெரிய விழாவுக்கு, வேறு அழைப்பு வந்திருக்கிறது, இந்தத் தேதிக்குள் சொல்ல முடியுமா என்று எழுதுங்கள். இது நாகரிகக் குறைவு இல்லை, அங்கே தினமும் நடப்பது. அழைப்பு வந்ததாகப் பொய் மட்டும் சொல்லாதீர்கள். தேர்வாளர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்பவர்கள்.

தேர்வானாலும் விழா அறிவிக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது. நடிகரின் ரசிகர் மன்றம்வரை செய்தி போய்விடும் நம் சூழலில் இது சிரமம்தான். விழா சொல்லும் தேதிக்கு முன் கசிந்தால் சங்கடம் உங்களுக்கு.

படி 9: தேர்வான பிறகு

முதல் நாளே விசா வேலையைத் தொடங்குங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், ஆனால் விண்ணப்ப மையத்தில் சந்திப்பு நேரம் கிடைப்பதே பெரும்பாடு. விழாவின் அழைப்புக் கடிதம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் வேண்டும். நிலையான சம்பளம் இல்லாத இயக்குநரிடம் வருமானக் கேள்வி வரும். தயாரிப்பு நிறுவனத்தின் கடிதமும் வருமான வரிக் கணக்கும் கையில் இருக்கட்டும். பயணச் செலவில் விழா எவ்வளவு தரும் என்பதையும் அப்போதே கேளுங்கள். பொதுவாக இயக்குநருக்குச் சில இரவுத் தங்குமிடம் கிடைக்கும், மற்றவர்களுக்கு நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதியான டி.சி.பி. நொடிக்கு 24 ஃபிரேமில், 5.1 ஒலியோடு இருக்கட்டும். 25-ல் எடுத்திருந்தால் மாற்றும்போது ஒலி விலகுகிறதா என்று பாருங்கள். அனுப்பும் முன் ஏதாவது ஒரு தியேட்டரில் காலைக் காட்சிக்கு முன் முழுப் படத்தையும் ஓட்டிப் பாருங்கள். கணினியில் நன்றாக இருக்கும் இருட்டுக் காட்சி பெரிய திரையில் ஒன்றுமே தெரியாமல் போவது வழக்கம்.

விற்பனை முகவரைத் தேட நல்ல நேரம், தேர்வு உறுதியாகி அறிவிப்பு வராமல் இருக்கும் அந்தச் சில வாரங்கள். படத்தைப் பார்க்காத உலகம் உங்கள் கையில் இருக்கும்போதுதான் பேரத்துக்கு வலு. ஒப்பந்தத்தில் நான்கு விஷயம் பாருங்கள்: எத்தனை வருடம், முகவருக்கு எத்தனை சதவீதம் கமிஷன் (20 முதல் 30 வழக்கம்), விளம்பரச் செலவுக்கு உச்சவரம்பு, எந்தெந்த நாடுகள். இந்தியாவை வெளியே வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். தமிழ்ப் படத்துக்கு அது போதாது. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, வளைகுடா ஆகியவற்றில் நம் ஆட்களுக்கு நேரடி வினியோகத் தொடர்பு உண்டு. ஐரோப்பிய முகவருக்கு அந்தச் சந்தை தெரியாது, அவரிடம் கொடுத்தால் சும்மா கிடக்கும்.

பெரிய பிரீமியருக்குப் பிறகு மற்ற விழாக்கள் தாங்களாகவே கேட்டு வரும். அப்போது நுழைவுக் கட்டணம் கட்டாதீர்கள். திரையிடல் கட்டணம் கேளுங்கள். சில நூறு யூரோ தருவது வழக்கத்தில் உள்ளதுதான்.

படி 10: ஊருக்குத் திரும்புதல்

வெளிநாட்டு விழாக்கள் தணிக்கைச் சான்றிதழ் கேட்பதில்லை. இந்தியாவுக்குள் நடக்கும் விழாவில் சான்றிதழ் இல்லாமல் காட்ட, மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விலக்கு வேண்டும். விழா நிர்வாகம்தான் விண்ணப்பிக்கும். இது வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள். சனல் குமார் சசிதரனின் 'செக்ஸி துர்கா' 2017-ல் ரோட்டர்டாமில் டைகர் விருது வென்ற படம். அதே ஆண்டு மும்பை விழாவுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. கோவா விழாவில் இந்தியப் படங்களுக்கான இந்தியன் பனோரமா பிரிவுக்கு நடுவர் குழு தேர்ந்தெடுத்த பிறகும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, குழுத் தலைவர் பதவி விலகினார்.

தேசிய விருதுக்கு எந்த ஆண்டு போட்டியிடுவீர்கள் என்பதைத் தணிக்கைச் சான்றிதழின் தேதிதான் தீர்மானிக்கும். டிசம்பர் கடைசியில் அவசரமாக வாங்குவதா, ஜனவரிக்குத் தள்ளுவதா என்று யோசித்துச் செய்யுங்கள்.

ஆஸ்கர் பற்றிக் கேட்பீர்கள். இந்தியாவின் சார்பாக ஒரு படத்தை இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு அனுப்புகிறது.  'விசாரணை' 2016-லும் 'கூழாங்கல்' 2021-லும் அப்படித் தேர்வாயின. ஆனால் கானில் கிராண்ட் ப்ரீ வாங்கிய படத்தை விட்டு 2024-ல் 'லாபதா லேடீஸ்' அனுப்பப்பட்டது. எனவே விழா வெற்றியை ஆஸ்கருக்கான டிக்கெட்டாகக் கணக்கில் வைக்காதீர்கள்.

தியேட்டர் வெளியீட்டை ரொம்பத் தள்ளிப்போடவும் வேண்டாம். 'விசாரணை' வெனிஸுக்கு ஐந்து மாதம் கழித்து வந்தது, 'கொட்டுக்காளி' பெர்லினுக்கு ஆறு மாதம் கழித்து. ஓடிடி ஒப்பந்தம் போடும்போது, உலகம் முழுக்க ஒரே நாளில் ஏற்றும் உரிமையைக் கொடுத்தால் அன்றோடு விழாப் பயணம் முடியும் என்பதை மனதில் வைத்துத் தேதியைப் பேசுங்கள்.

குறும்படம் எடுத்தவர்களுக்கு

கானின் குறும்படப் போட்டிக்குப் பெயர்ப் பட்டியலையும் சேர்த்து 15 நிமிடம்தான் வரம்பு. பெர்லினில் 30 நிமிடம். பிரான்சின் கிளர்மோன்-ஃபெரான் குறும்படத்துக்கென்றே இருக்கும் பெரிய விழா. அங்கே நுழைந்தால் மற்ற விழாக்களின் தேர்வாளர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் பார்ப்பார்கள். திரைப்படக் கல்லூரி மாணவர் என்றால் கானின் லா சினெஃப் பிரிவு உண்டு. புனே திரைப்படக் கல்லூரியின் சிதானந்த நாயக் எடுத்த கன்னடக் குறும்படம் 2024-ல் அங்கே முதல் பரிசு வாங்கியது.

முடித்த அன்றே யூடியூபில் ஏற்றிவிடுவதுதான் நம் குறும்படக்காரர்கள் பிரீமியரை இழக்கும் வழி. ஏற்றியதைப் பிறகு நீக்கினாலும் பல பெரிய விழாக்களின் விதிப்படி அது வெளியான படம்தான். ஒரு வருடம் விழாக்களைச் சுற்றிவிட்டு ஏற்றுங்கள். அதுவரை நண்பர்களுக்குக் கடவுச்சொல் கொடுத்தால் போதும்.